இலைக்குள் ஓர் உப்பளம்

மே மாதத்து முற்பகலில் மரக்காணம் உப்பளத்தில் நின்றால் கண்ணைத் திறக்க முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே பேருந்தில் போகிறவர்களுக்கு வெள்ளைக் குவியல்கள் மட்டுமே தெரியும். இறங்கி வரப்பின்மேல் நடந்தால்தான் பாத்திக் கரையை ஒட்டிப் படர்ந்திருக்கும் உமரி கண்ணில் படும். விரல் உயரச் செடி, தடித்த குட்டி இலைகள், கோடை ஏற ஏறச் சிவந்துகொண்டே போகும் நிறம். ஒரு பக்கம் உப்பு பூத்துக்கொண்டிருக்கும் பாத்தி, மறுபக்கம் உயிருள்ள செடி, நடுவில் ஒரு சாண் வரப்பு. இரண்டின்மேலும் ஒரே வெயில்தான் அடிக்கிறது, ஒரே காற்றுதான் வீசுகிறது.

பாத்திக்காரருக்கு நீர் சீக்கிரம் போக வேண்டும். உப்புநீரின் செறிவை அளக்கும் மானியில் கடல்நீர் மூன்று டிகிரிக்குச் சற்று மேலே தொடங்கும்; இருபத்தைந்து டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு இறங்கும். உமரிக்கோ நீர் மெல்லத்தான் போக வேண்டும். ஆனால் முழுவதும் போகாமல் இருந்தாலும் அது பிழைக்காது. இந்த இழுபறியை அன்றாடம் நடத்துவது இலைத்தோலில் இருக்கும் நுண்ணிய துளைகள். கிரேக்க மொழியில் வாய் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அவற்றுக்கு ஸ்டொமேட்டா என்று பெயர் வந்தது. நம் பாடப்புத்தகங்கள் இலைத்துளை என்கின்றன. இலைத்துளையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அதை நீரின் கணக்காகவே பார்க்கிறது. உப்பளக் கரையில் நின்று பார்க்கும் எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் படுகிறது. பாத்தியிலிருந்து நீர் ஆவியாகப் போனால் உப்பு தங்குகிறது. இலையிலும் அதேதான். துளை வழியே போவது நீராவி மட்டுமே. வேரிலிருந்து அந்த நீரோடு ஏறி வந்த உப்பு இலைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இங்கே ஒவ்வோர் இலையும் ஒரு சிறிய உப்பளம். துளை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த இலைக்குள் எவ்வளவு உப்பு சேரும் என்பது முடிவாகிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். சாதாரணப் பயிர் ஒன்று ஒரு கிராம் உலர் எடை வளர்வதற்குச் சில நூறு கிராம் நீரை ஆவியாக விடுகிறது. முந்நூறு கிராம் என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. வடிகட்டாமல் அந்த நீரைக் குடிக்கும் செடி ஒரு கிராம் உடலை வளர்க்கப் பத்தரை கிராம் உப்பை இலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எந்த உயிராலும் தாங்க முடியாத பாரம் அது. வேர் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கைத் தடுத்துவிட்டாலும் அரை கிராம் மிஞ்சும். ஆகவே இந்தக் கரையில் செடிக்கு இரண்டு வாசல்கள் காவலில் இருந்தாக வேண்டும். கீழே வேர்த்தோல், மேலே இலைத்துளை. வேரைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மேல்வாசலைப் பார்ப்போம்.

கடற்கரை மணலில் ஓடும் அடப்பங்கொடியின் இலை இதற்கு வசதியானது. சங்கப் பாடல்களில் அடும்பு என்று வருகிறதே, அந்தக் கொடிதான். இலை ஆட்டின் குளம்புபோல நடுவில் பிளந்திருக்கும். ஓர் இலையைத் துடைத்து, அடிப்புறத்தில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவினேன். காய்ந்ததும் செல்லோடேப்பை ஒட்டி உரித்து, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியில் செருகினேன். 140 மடங்கு பெரிதாகத் தெரியும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்ததும் முதலில் தெரிந்தது செல்களின் ஒழுங்கற்ற கட்டம். பிறகு அதனிடையே அவரை விதைகள் இரண்டிரண்டாக முகம் பார்த்துப் படுத்திருப்பதுபோன்ற இணைகள். ஒவ்வோர் இணைக்கும் நடுவே மெல்லிய பிளவு. சிலவற்றில் அது கோடு, சிலவற்றில் கண்போல விரிந்த இடைவெளி. மேல்புறத்தையும் அப்படியே பிரதியெடுத்துப் பார்த்தேன். அங்கும் இருந்தன. ஐந்து நிமிட வேலை, பத்து ரூபாய் செலவு. பள்ளிக்கூடத்தில் இதைப் படமாக வரைந்துவிட்டு வந்த எவரும் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும்.

அந்த அவரை விதைகள்தாம் காப்புச் செல்கள். சுற்றியிருக்கும் தோல் செல்களில் பெரும்பாலும் பச்சையம் இராது, இவற்றில் இருக்கும். துளையை ஒட்டிய உட்சுவர் தடித்தது, வெளிச்சுவர் மெல்லியது. சுவருக்குள் செல்லுலோஸ் இழைகள் துளையிலிருந்து விசிறிபோல விரிந்து ஓடுகின்றன. செல் உப்பும்போது பக்கவாட்டில் பருக்க அந்த இழைகள் விடுவதில்லை. நீளத்தில்தான் அது நீள முடியும். இரு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால் நீளும் செல் வில்லாக வளைகிறது. இரண்டும் எதிரெதிரே வளைய, நடுவில் துளை பிறக்கிறது. முழுதாகத் திறந்த துளையின் காப்புச் செல்லுக்குள் கார் டயரில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் இருக்கும். நெல், கோரை போன்றவற்றில் வடிவம் வேறு. அங்கே காப்புச் செல்கள் நடுவில் ஒடுங்கி இரு முனைகளும் குமிழாகி, உடற்பயிற்சிக் கூடத்து டம்பெல்போல இருக்கின்றன. சிறிது உப்பினாலே துளை அகன்றுவிடுவதால் புல்லினங்களுக்கு விரைவாகத் திறக்கவும் மூடவும் முடிகிறது. துளையைச் சுற்றித் துணைச் செல்கள் அமைந்திருக்கும் விதத்தையும், அவை எந்தத் தாய்ச்செல்லிலிருந்து பிறந்தன என்பதையும் வைத்து வகைப்படுத்தும் பெரிய துறையே உண்டு. 1960களில் அலகாபாத்தின் திவ்ய தர்ஷன் பந்த் அதில் செய்த வேலை இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது.

துளைகள் இலைப்பரப்பில் நூற்றில் ஓரிரு பங்கைத்தான் அடைத்துக்கொள்கின்றன. அப்படியிருந்தும் எல்லாம் திறந்திருக்கும்போது, அதே அளவு திறந்த நீர்ப்பரப்பு இழப்பதில் பாதியளவு நீரைக்கூட இலை இழந்துவிடும். 1900இல் ஹொரேஸ் பிரௌனும் ஃபெர்கஸன் எஸ்கோம்பும் இதற்கு விளக்கம் தந்தார்கள். மிகச் சிறிய துளை வழியே வாயு பரவும் வேகம் துளையின் பரப்பைவிட அதன் விளிம்பின் நீளத்தைச் சார்ந்தது. விளிம்பில் வாயு விசிறியாகப் பிரிந்து போகிறது. ஒரு பெரிய ஓட்டையைவிட அதே பரப்புள்ள ஆயிரம் சிறிய ஓட்டைகள் அதிகம் கசியும். உப்பளத்துப் பாத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது நான் திகைத்துப்போனேன். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்கு மெழுகால் மூடிய ஒரு பரப்பு, மூடியே இல்லாத பாத்தியில் பாதியளவுக்கு ஆவியாக்குகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அது செடிக்குப் பாதகமானது. பாத்தியில் நீர் செறியச் செறிய அதன் உப்பே ஆவியாதலைத் தடுக்கும். முற்றிய உப்புநீருக்கு மேலே காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் ஆவியாதல் நின்றே போகும்; அதற்கும் மேலே போனால் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை வாங்கத் தொடங்கும். கடற்காற்று வீசும் இரவில் குவித்த உப்பு நசநசப்பது அதனால்தான். இலைக்கு இந்த உதவி கிடையாது. உவர்ச் செடியின் இலைச்சாறு கடல்நீரைப்போல இரண்டு மடங்கு செறிவாக இருந்தால்கூட இலைக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம் 96க்குக் கீழே இறங்காது. வெளியே மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்று, உள்ளே ஏறத்தாழ முழு ஈரம். சாற்றின் உப்பு இலையைக் காப்பாற்றாது. துளை மூடினால்தான் உண்டு.

துளை எப்படி மூடுகிறது, எப்படித் திறக்கிறது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேல் பதில் மாறிக்கொண்டே வந்தது. 1856இல் ஹூகோ ஃபான் மோல், செல் நீரால் விறைப்பதும் தளர்வதும்தான் காரணம் என்றார். அது இன்றுவரை நிற்கிறது. விறைப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல். காப்புச் செல்லின் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி நீரை இழுக்கிறது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் ஆட்சி செய்தது. ஜப்பானில் இமாமுரா 1943இலேயே பொட்டாசியத்தைச் சுட்டிக்காட்டினார். போர்க்காலத்து அந்த ஆய்வு வெளியுலகில் அதிகம் கவனிக்கப்படவில்லை. 1968இல் ஃபிஷரும் சியாவோவும் அவரை இனச் செடியில் அளந்து காட்டியபிறகுதான் பொட்டாசியம் பொதுவாக ஏற்கப்பட்டது. நீல ஒளி பட்டதும் காப்புச் செல்லின் சவ்விலுள்ள பம்பு புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது; அந்த மின் வேறுபாட்டில் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது; பின்னாலேயே நீர் வருகிறது. வறட்சியில் வேரிலும் இலையிலும் உருவாகும் அப்சிசிக் அமிலம் இதைத் தலைகீழாக்கும். அதைக் கண்டுணரும் புரதங்கள் 2009இல்தான் பிடிபட்டன. பழைய மாவுப்பொருள் கருத்தும் முழுதாகத் தோற்றுவிடவில்லை. சர்க்கரைக்கும் இதில் பங்குண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

நம் பள்ளிப் பாடம் பொட்டாசியத்தோடு முடிந்துவிடும். மரக்காணத்தில் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. கடல்நீரில் ஒரு பொட்டாசியம் அயனி இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 46 சோடியம் அயனிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே மின்னூட்டம் உடையவை, வேதியியலில் உடன்பிறந்தவை போன்றவை. இவ்வளவு சோடியத்தின் நடுவே, பொட்டாசியத்தை நம்பி இயங்கும் கதவு என்ன ஆகும்?

இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் டெர்ரி மான்ஸ்ஃபீல்டும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1980லிருந்து இதை ஆராய்ந்தார்கள். நம் வயல்வரப்புக் கானாவாழையின் நெருங்கிய உறவான கொமெலினா இனச் செடியில், சோடியம் காப்புச் செல்லுக்குள் தாராளமாகப் புகுந்து துளையைத் திறக்கிறது. திறந்தது சரியாக மூடுவதில்லை. இருட்டினாலும், கரியமில வாயு கூடினாலும், அப்சிசிக் அமிலம் வந்தாலும் அது அரைகுறையாகவே கேட்கிறது. உப்பு ஏறியதால் மூட வேண்டிய கதவு, உப்பினாலேயே திறந்தபடி நின்றுவிடுகிறது. நன்னீர்ச் செடி உப்பு நிலத்தில் சாவதற்கு வேரில் மட்டும் காரணம் தேடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஐரோப்பியக் கடலோரச் சதுப்பில் வளரும் ஆஸ்டர் செடியில் அவர்கள் கண்டது நேர்மாறு. அங்கே காப்புச் செல்லைச் சுற்றி சோடியம் கூடும்போது துளை சுருங்குகிறது. வேரைத் தாண்டி உப்பு ஏறி இலையில் சேரத் தொடங்கியதுமே மேல்வாசல் பாதி அடைபடும், நீரோட்டம் குறையும், அதோடு வரும் உப்பும் குறையும். இலை தன் உப்பைத் தானே எடை போட்டு மடையைத் திருகிக்கொள்கிறது. உவர்நிலச் செடிகள் எல்லாம் இந்த வழியில் போவதில்லை. சில, காப்புச் செல்லில் பொட்டாசியத்தின் இடத்தில் சோடியத்தையே அமர்த்தி, அதை வைத்தே திறந்து மூடக் கற்றுக்கொண்டன. நான் படித்தவற்றில் இலைத்துளை பற்றிய மிக முக்கியமான கண்டுபிடிப்பாக எனக்குப் படுவது இந்த ஆஸ்டர் ஆய்வுதான். சோழமண்டலக் கரையின் உமரி, கண்டல், உவர்ப் புற்கள் ஒவ்வொன்றும் இதில் எந்தப் பக்கம் என்று செடி செடியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். உப்பு நிலம் பெருகிவரும் மாநிலத்துக்கு இதைவிட அவசரமான தாவர ஆய்வு எனக்குத் தெரியவில்லை.

செல்லுக்குள் நடப்பது இது. துளையை எங்கே வைப்பது என்பதிலும் இந்தக் கரையின் செடிகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் பக்கத்தில், கழுவேலி ஏரியின் நீர் கடலைத் தேடும் கழிமுகச் சேற்றில் நிற்கும் வெண்கண்டலின் இலையை எடுத்துப் பாருங்கள். மேல்புறம் பளபளக்கும் பச்சை. விடியற்காலையில் நாக்கை வைத்தால் கரிக்கும். உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளியது அது. இலையைத் திருப்பினால் சாம்பல் வெள்ளை. நகத்தால் சுரண்டினால் மாவுபோல வரும், அத்தனையும் நெருங்கிய ரோமம். அந்தக் கம்பளத்தின் அடியில்தான் துளைகள் எல்லாம் இருக்கின்றன. மேல்புறத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ரோமம் காற்றை நிறுத்தி வைப்பதால் துளையை விட்ட நீராவி உடனே அடித்துச் செல்லப்படுவதில்லை. இவ்வளவு ஏற்பாடும் வீணாகப் போகவில்லை. கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்கவே இருபத்தைந்து வளிமண்டல அழுத்தத்துக்குக் குறையாத இழுவிசை தேவை. 1965இல் ஷோலாண்டர் தன் அழுத்தக் கலத்தை வைத்து அளந்தபோது அலையாத்தி மரங்களில் முப்பது முதல் அறுபது வளிமண்டலம் வரை அந்த இழுவிசை இருப்பது தெரிந்தது. நண்பகலில் துளைகள் மூடாமல் விட்டால் அந்த இழுப்பில் சாற்றுக் குழாய்க்குள் நீர்த்தூண் அறுந்து காற்று புகுந்துவிடும்.

சவுக்கு வந்தேறி மரம், ஆனாலும் இந்தக் கரையை நன்றாகப் புரிந்துகொண்டது. ஊசி இலை என்று நாம் சொல்வது இலையல்ல, பச்சைக் கிளை. கணுவில் பிய்த்து எடுத்தால் விளிம்பில் ஆறேழு பல் தெரியும், அவைதாம் இலைகள். கிளையின் நீளவாக்கில் கோடுகோடாகப் பள்ளங்கள் ஓடுகின்றன. துளைகள் அந்தப் பள்ளத்துக்குள், ரோமத்துக்கு அடியில். உவர்நிலச் செடியான சாலிகோர்னியாவுக்கு இலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கணுக்கணுவான சதைத்தண்டே இலை வேலையையும் பார்க்கிறது. வீட்டு வாசலில் வைக்கும் அரளியும் துளைகளைக் குழிக்குள் ஒளித்து வைத்திருக்கிறது.

இடத்தை மாற்றுவதுபோல நேரத்தையும் மாற்றலாம். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹைன், தன் தோட்டத்து ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சப்பென்று இருப்பதையும் மாலையில் கசப்பதையும் கவனித்து, 1813இல் லண்டன் லின்னியன் சங்கத்துக்கு எழுதினார். ஏன் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இரவின் குளிர்ச்சியில் துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிக்கொண்டு அதைச் செலவழிக்கும் செடி அது. கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் அப்படித்தான். இந்தியத் தோட்டம் ஒன்றில் நாக்கை வைத்தே எட்டிய அந்தக் கண்டுபிடிப்பு இன்றைய பாடநூல்களில் ஒரு பெரிய அத்தியாயமாக வளர்ந்திருக்கிறது. நம் மாணவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம். உமரியில் புதர்போல உயரும் இனமான சுவேடா மோனோய்க்கா வேறு வழி கண்டது. சோளத்தையும் கரும்பையும்போல கரியமில வாயுவை உள்ளே செறிவூட்டிக்கொள்வதால், குறுகலான துளையிலேயே அதற்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது.

நீராவிப்போக்கைத் தவிர்க்க முடியாத தீமை என்று பாடநூல்கள் சொல்வது வழக்கம். கரியமில வாயுவுக்குக் கதவைத் திறந்தால் நீர் வெளியேறத்தான் செய்யும் என்ற அளவில் அது சரி. ஆனால் கதவை அடைத்துப்போட்ட இலை மே மாத வெயிலில் வெந்துவிடும். நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம்தான் அதைக் காக்கிறது. அதனால் தீமை என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அது செலவு; உப்பு நிலத்தில் வட்டியோடு சேர்ந்த செலவு.

இந்தச் செலவைக் குறைக்க முடியுமா என்பதுதான் இன்றைய நெல் ஆய்வின் கேள்விகளில் ஒன்று. கழுவேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பேறி வருகிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரியின் கரையில் நெல் வயல்களும் இருக்கின்றன. ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, ஐ.ஆர். 64 நெல்லில் ஒரு மரபணுவின் வேலையைக் கூட்டி, இலைத்துளைகள் குறைந்த பயிரை உருவாக்கினார்கள். அது குறைந்த நீரைச் செலவழித்தது, வறட்சியில் கூடுதல் நாள் தாங்கியது. துளை குறைந்தால் ஏறும் உப்பும் குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். என் தயக்கம் ஒன்றே ஒன்று. பூக்கும் நேரத்தில் முப்பத்தைந்து டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் நெல் பதராகும். நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் பயிரிடம் அந்த வழியை எவ்வளவு அடைக்கலாம் என்பது இந்தக் கரையின் வெயிலில் நட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழு வெண்கண்டலிலிருந்தே உப்பைத் தாங்கும் மரபணுக்களைப் பிரித்தெடுத்தது. களர்பாலை, குழியடிச்சான் என்று உவர் நிலத்துக்கென்றே உழவர்கள் காத்துவந்த நெல் வகைகளும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றின் இலையில் நகப்பூச்சைத் தடவித் துளைகளை எண்ணிப் பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

காற்றும் மாறிக்கொண்டிருக்கிறது. 1987இல் இயன் வுட்வர்ட் இங்கிலாந்தின் உலர்தாவரத் தொகுப்பில் இருந்த இருநூறு ஆண்டு இலைகளை எண்ணி, கரியமில வாயு கூடக் கூட இலைத்துளைகளின் அடர்த்தி நூற்றுக்கு 40 வரை குறைந்திருப்பதைக் கண்டார். அவர் பார்த்தவை குளிர்நாட்டு மரங்கள். உப்புக் கரைச் செடிகளில் என்ன நடந்தது? கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் சோழமண்டலக் கரையின் பழைய மாதிரிகள் தாளில் ஒட்டப்பட்டுக் காத்திருக்கின்றன. அந்த இலைகளில் சேகரித்தவரும் ஆண்டும் இடமும் குறிக்கப்பட்ட பதிவைப்போல, அன்றைய காற்றும் அன்றைய உப்பும் துளைகளின் எண்ணிக்கையாகப் பதிந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் மீண்டும் அதே வரப்புக்குப் போனேன். பாத்திகளில் கடைசி வாரல் நடந்துகொண்டிருந்தது. பலகையால் இழுத்துக் கரையில் ஏற்றிய உப்பின்மேல் மழைக்குப் பயந்து பனையோலை மூடியிருந்தார்கள். உமரி அடிப்பகுதியில் கருஞ்சிவப்பாகப் பழுத்து, தொட்டாலே உதிர்ந்தது. உதிர்ந்த இலை ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். நுனியில் இருந்த பச்சை இலை லேசாகத்தான் கரித்திருந்தது. இது கடல்நீரைவிடக் கரித்தது. ஒரு கோடை முழுவதும் துளை வழியே நீரை விட்டுவிட்டு அந்த இலை பிடித்து வைத்திருந்த உப்பு அது. செடி அதை இலையோடு சேர்த்தே வெளியே போட்டுவிட்டு, நுனியில் புதிய இலைகளை விட்டுக்கொண்டிருந்தது.